பொம்மை எப்படிக் கரையேறும்?

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நீ நலமாகத்தான் இருப்பாய். நேற்று ஏரிக்கரைத் திட்டக் கூட்டத்தில் உன் குரலைக் கேட்ட யாரும் அதைச் சந்தேகிக்க மாட்டார்கள். அடுத்த தெருவில் இருப்பவளுக்குக் கடிதம் எதற்கு என்று மாமா கேட்பார். அத்தனை பேர் முன்னால் "வாய்ல சொல்றதெல்லாம் வேணாம், எழுத்துல குடு" என்றது அவருடைய மனைவிதான் என்று சொல். நான் விசாரித்ததாகவும் சொல். மரியாதை முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன்.

ஏரிக்கரைத் திட்டத்துக்கு எதிராக நீ கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கும் மனுவை வெள்ளிக்கிழமைக்குள் கைவிட வேண்டும். இல்லாவிட்டால் வேலை நிற்கும் என்கிறார் எங்கள் தலைமைப் பொறியாளர். "சொந்த அக்காவ சமாளிக்க முடியல, ஏரிய எப்படிய்யா சமாளிப்ப?" என்று கேட்டார். "ஏரி பரவால்ல சார்" என்றேன். இது நான் தனியாக வடிவமைத்த முதல் திட்டம் என்பது உனக்குத் தெரியும், தெரிந்துதான் செய்கிறாய்.

அந்தக் கரை முன்பு எப்படி நாறியது என்று நினைத்துப் பார். சாக்கடை வந்து விழுந்த இடத்தில் நாணல் வளர்த்து, அதன் வழியாக வடிந்த பிறகே தண்ணீர் ஏரிக்குப் போகும்படி செய்தேன், சுற்றுலாப் படகுகளை சோலாருக்கு மாற்றினேன், பறவைகள் தூங்க வேண்டுமென்று விளக்குகளை முழங்கால் உயரத்தோடு நிறுத்தினேன், துடுப்புப் படகுக்காரர்கள் நேர்ப்பாதை கேட்டார்கள், சைக்கிள்காரர்கள் வளைவு கேட்டார்கள், சுற்றுலாக்காரர்கள் போட்டோ எடுக்க இடம் கேட்டார்கள், எல்லோருக்கும் கொடுத்துவிட்டு நிமிர்ந்தால் நீ வந்து நிற்கிறாய். தண்ணீர் ஏறினால் ஏறி இறங்கினால் இறங்கும் மிதவை நடைமேடை, அலை அரிக்காத கருங்கல் சுவர், நெடுக இடுப்புயரக் கம்பி. இதில் என்ன குறை?

நேற்று நீ என்ன செய்தாய்? மேஜை மேல் இருந்த ஏரிக்கரையின் மாதிரி வடிவத்தில், நடைமேடையில் நின்ற விரலளவு பொம்மையைப் பிடுங்கி நீலக் கண்ணாடித் தண்ணீரில் வைத்து, "இவ இப்ப எப்படிடா மேல ஏறுவா?" என்றாய். "அக்கா, அது பொம்மை" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. "தண்ணியச் சுத்தி எல்லாம் கட்டிட்ட. தண்ணிக்கு எங்கடா வழி?" என்றாய். போகும்போது பொம்மையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாய். அது அலுவலகச் சொத்து.

நீ பிசியோதெரபிஸ்ட். தரையில் நடக்க முடியாத முட்டிவலிக்காரர்களைக் காலையில், கரையில் சுவர் இன்னும் வந்து மூடாத அந்தச் சேற்றுச் சரிவு வழியாக இறக்கி, இடுப்பளவு தண்ணீரில் நடக்க வைக்கிறாய். நல்ல காரியம்தான். அவர்களுக்காக நடைமேடையில் பெஞ்சு போட்டிருக்கிறேன் என்றால், "உக்காந்து உக்காந்துதான்டா அவங்களுக்கு முட்டியே போச்சு" என்கிறாய். இப்படிப் பேசினால் நான் என்னதான் வரைவது?

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். ஒரு இடத்தை எல்லோருக்கும் பிடிக்க வைப்பது சுலபம். பிடித்தவர்கள் வந்து போன பிறகும் அது இடமாக இருக்க வேண்டுமே, அதுதான் கஷ்டம். கெடுக்க வேண்டுமென்று யாரும் ஏரியைக் கெடுப்பதில்லை. ஆசையாக வந்தே கெடுக்கிறார்கள். அதனால்தான் தள்ளி நின்று பார்க்கட்டும் என்று நினைத்தேன். பார்ப்பதும் அனுபவிப்பதுதான். உன் ஒரு சரிவுக்காக அத்தனை நீளச் சுவரின் வரைபடத்தையும் மாற்ற முடியாது. மனுவை விட்டுவிடு.

உன் நோயாளிகள் சீக்கிரம் குணமாகட்டும், மாமாவின் பொறுமை நீடிக்கட்டும். இந்தச் சண்டையில் தான் யார் பக்கமும் இல்லை என்று அம்மா சொல்லச் சொன்னாள். உன் மனுவில் முதல் கையெழுத்து அவளுடையது என்பதை நானும் கவனித்தேன்.

இப்படிக்கு,
இன்னும் உன் தம்பி

பின்குறிப்பு: இதை உன் கையிலேயே கொடுத்துவிடலாம் என்று காலையில் ஏரிக்குப் போனேன். நீ வந்திருக்கவில்லை. கட்டி முடித்த கொஞ்ச தூர நடைமேடையில் நடந்து, கம்பியின் ஒரு திருகு சரியாக இருக்கிறதா என்று சாய்ந்து பார்த்தேன். சரியாக இல்லை. தண்ணீருக்குள் இருந்து பார்த்தால் நடைமேடையின் விளிம்பு தலைக்கு மேலே இருக்கிறது, அக்கா. பிடிக்க ஒன்றுமில்லை. கருங்கல் வழவழவென்று இருக்கிறது; அப்படித்தான் வேண்டுமென்று நானே சண்டை போட்டு வாங்கினேன். காவலாளி மேலிருந்து எட்டிப் பார்த்து, "சார், இங்க ஏற வழியில்ல" என்றார். "தெரியும், நான்தான் வரைஞ்சேன்" என்றேன். சுவர் ஓரமாகவே நீந்தி, உன் சேற்றுச் சரிவில் நாலு காலில் ஏறினேன். அங்கே நின்ற ஒரு அம்மா கை கொடுத்துத் தூக்கி, "புதுசா சேந்திருக்கீங்களா தம்பி? முட்டியா, இடுப்பா?" என்று கேட்டார். "மண்டைங்க" என்றேன். "அதுக்கும் நடந்தா சரியாப் போகும்" என்றார்.

கடிதத்தைப் பெஞ்சில் வைத்திருந்ததால் நனையவில்லை; பெஞ்சுக்கு அந்தப் பிரயோசனமாவது உண்டு. மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடு. மனுவை விடாதே. அந்த அம்மா பையில் அது இருந்தது. கடைசியில் மை கலங்கிக் கிடக்கும் கையெழுத்து என்னுடையது. அந்தச் சரிவுக்குச் சுவரில் இடம் விட்டு, தண்ணீருக்குள்ளேயே இறங்கிப் போகும் கைப்பிடியோடு வரைய ஆரம்பித்துவிட்டேன். தலைமைப் பொறியாளர் என்ன சொல்வார் என்று தெரியவில்லை. வெள்ளிக்கிழமை நீ பொம்மையைக் கொண்டு வா. வழியை நான் கொண்டு வருகிறேன்.