வாள்முனை மங்கினால் அவரைக் கேளுங்கள்

அளக்காமலே அறிந்தவர் என்றோர் இனம் உண்டு. விருதுநகரில் பஸ் ஏறி ஆமத்தூர் வழியாகச் சிவகாசியில் இறங்குவதற்குள் குறைந்தது நாற்பது பேரைப் பார்த்துவிடலாம். பைக் நின்றால் பிளக் என்பார். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் கண்ணேறு என்பார். எங்காவது பட்டாசு ஆலை வெடித்தால், புகை அடங்கும் முன்பே, இடத்தையும் பார்க்காமல், பிழைத்தவரையும் கேட்காமல், "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று முடித்துவிடுவார். விசாரணையா? அது விவரம் தெரியாதவர்களுக்கு.

இந்த இனத்தின் கொழுத்த உதாரணம் எங்கள் சங்கரபாண்டியன். பட்டாசுக் கம்பெனி முதலாளி; அந்த ஒரு தகுதியால் பள்ளி நாடகத்துக்கும் நிபுணர்.

தாயில்பட்டிப் பக்கத்துப் பள்ளியில் ஆண்டுவிழா ஒத்திகை. அரசி வேடம் ஒன்பதாம் வகுப்பு ஓவியாவுக்கு. பிளாஸ்டிக் குழாயைச் சீவி, உள்ளே எல்இடி பட்டை ஒட்டி, கைப்பிடியில் பேட்டரி வைத்து, வாளைத் தானே செய்திருந்தாள். இருட்டு மேடையில் வாள் ஒளிர்ந்தால்தான் காட்சி. ஒளிராவிட்டால்? கடையில் வாங்கிய வாளோடு முதலாளியின் பேத்தி அனுப்பிரியா தயாராக நிற்கிறாள்.

ஓவியா சுவிட்சைப் போட்டாள். கைப்பிடியில் பளீர், நடுவில் சுமார், முனையில் செத்த மின்மினி.

முன்வரிசை நாற்காலியை விட்டு எழாமலே முதலாளி தீர்ப்புச் சொன்னார்.

"ஏ புள்ள, சரவெடி பாத்திருக்கேல்ல? இந்தத் தலைல திரியப் பத்தவச்சா அந்தத் தல வரைக்கும் ஒரே வெடி. முனைக்குப் போகலன்னா கோத்த கை சரியில்ல."

"கரண்டு திரி இல்லையே மொதலாளி. போகப்போகக் கொறையும். அளந்து பாப்போமா?"

"நாப்பது வருசமாத் திரி பாக்கேன். எனக்கு அளந்து காட்டுதியாக்கும்! ஒங்க ஆத்தா கருப்பம்மா நம்ம கம்பெனில கோக்குற சரமும் பாதில புஸ்ஸுங்குது. ஒங்க ரத்தத்துலயே வராது."

பார்த்தீர்களா? ஒரு வாள்முனை மங்கியதற்கு ஒரு வம்சத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியாயிற்று. சுற்றி நின்ற நால்வர் தலையாட்டினார்கள். இந்த இனம் தனித்து வாழாது. தலையாட்டிகள் சூழவே வாழும். நாடகத்தை நடத்தும் ஞானசுந்தரி டீச்சர்கூட, நடிகர் பட்டியலில் ஓவியாவின் பெயரை அடிக்கப் பேனாவைத் திறந்துவிட்டார்.

"பத்தே நிமிசம் தாங்க டீச்சர்" என்றாள் ஓவியா.

மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரைப் பள்ளி ஆய்வகத்திலிருந்து எடுத்துவந்து வைத்தாள். கைப்பிடியில் ஐந்து வோல்ட், முனையில் மூன்றரை. பட்டைக்குள் ஓடும் செம்பு மெல்லிசு; மின்னழுத்தம் வழியிலேயே கரைகிறது. கைப்பிடியிலிருந்து முனைவரை தடித்த வயர் ஒரு ஜோடி தனியாக இழுத்து, ஈயம் வைத்துப் பற்றவைத்தாள். வாள் அடி முதல் நுனி வரை ஒரே வெள்ளை. டீச்சர் பேனாவை மூடினார்.

முதலாளி அசருவாரா? "கோத்ததுல கோளாறுன்னு நாந்தான் மொதல்லயே சொன்னேனே!"

ஓவியா வாளைத் தாழ்த்தவில்லை. "எங்க ஆத்தா கையில கோளாறுன்னீகளே மொதலாளி, அத எதுல அளந்தீக?"

அவருக்கு அவசரமாக ஒரு போன் வந்தது. மணி அடித்ததை வேறு யாரும் கேட்கவில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் முனை மங்கியது என்று படித்த உடனே, வாளைப் பார்க்காமல், அவளைக் கேட்காமல், "பேட்டரி தீர்ந்திருக்கும்" என்று முணுமுணுத்தீர்களே, நீங்கள் எதில் அளந்தீர்கள்?