கதவு தட்டப்படும் பெருமை

மனித குலத்தில் அண்மையில் ஒரு புது இனம் தலையெடுத்திருக்கிறது: வீட்டு சர்வர்க்காரர். கண்டுபிடிப்பது எளிது. குளியலறைக் குழாய் மாதக்கணக்கில் ஒழுகும். ஆனால் செருப்பு அலமாரியின் மேல் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் இரவும் பகலும் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருக்கும். அதுதான் சர்வர். "குடும்பப் படத்தையெல்லாம் எவனோ ஒருத்தன் கம்பெனியில போட மாட்டேன், எல்லாம் நம்ம சர்வர்லதான்" என்பார். நல்ல கொள்கைதான். வம்பு கதவில்தான் ஆரம்பிக்கிறது.

இணையத்தில் சேர்த்த எந்தக் கம்ப்யூட்டருக்கும் போர்ட் என்ற கதவுகள் உண்டு. அவற்றைத் தட்டிப் பார்ப்பதற்கென்றே ஆளில்லாமல் தானாக ஓடும் 'பாட்' என்ற புரோகிராம்களும் உண்டு. அவற்றுக்கு உங்கள்மேல் பகையும் இல்லை, பாசமும் இல்லை. தெருவில் விளம்பரத் தாள் போடுகிறவரைப்போல வாசல் வாசலாக வந்து, ஊருக்கெல்லாம் தெரிந்த நாலைந்து பாஸ்வேர்டைப் போட்டுப் பார்த்து, திறக்காவிட்டால் அடுத்த வாசலுக்குப் போய்விடும். பிறகு மறுபடி வரும். உறுதியான பாஸ்வேர்டாக ஒன்றை வைத்துவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம். யார் யார் தட்டினார்கள் என்று சர்வர் எழுதி வைக்கும் பட்டியலைத் திறந்துவைத்துக்கொண்டு உட்காருகிற சர்வர்க்காரர் பார்ப்பாரா?

எப்படிப் பார்ப்பார்? எனக்குத் தெரிந்த ஒரு சர்வர்க்காரர் வேலை செய்யும் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் மேனேஜர் இன்றைக்கும் அவரைப் பக்கத்து மேஜைக்காரரின் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார். வீட்டில் ரிமோட் மனைவியின் கையில். அப்படிப்பட்டவரை உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ விடாமல் தேடி வருகிறார்கள் என்றால் மனசு குளிராதா? முதலில் பயந்தார். பிறகு கொதித்தார். பிறகு, உள்ளதைச் சொன்னால், கொஞ்சம் மிதப்பாகவே நடந்தார்.

தடை போடக் கற்றுக்கொண்டார். முதலில் தட்டிய கம்ப்யூட்டரின் இணைய முகவரிக்கு, அப்புறம் அதன் அக்கம்பக்கத்துக்கு, அப்புறம் அது இருக்கிற நாட்டுக்கே. அலுவலகத்தில் ஒரு ஜன்னலைச் சாத்தவும் அனுமதி கேட்கிறவர், வீட்டில் ஒற்றை விரலால் ஒரு தேசத்தையே சாத்தினார்.

இதற்கிடையில் வெளிநாட்டில் இருக்கும் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. "படத்த வேற எதுலயும் அனுப்பாதம்மா, நம்ம சர்வர்ல போடு" என்று தாத்தா உத்தரவு போட்டார். பேத்தி முகத்தைப் பார்க்க அவர் தவித்த தவிப்பு பொய்யில்லை. அவளுக்கென்று ஒரு காலி ஆல்பம் திறந்து வைத்து, காலையில் பல் விளக்குமுன் அதைத்தான் போய்ப் பார்ப்பார். பச்சை உடம்புக்காரி, நேரம் கிடைத்ததும் போடுவாள் என்று தன்னைத்தானே தேற்றிக்கொள்வார்.

அந்த வாரம் ஒருநாள் சாப்பிடும்போது மீசையைத் தடவிக்கொண்டு ஆரம்பித்தார்.

"ஒருத்தன் சிக்கினான். விடாம ஒரே கதவ தட்டிட்டு இருந்தான். நெஞ்சழுத்தத்தப் பாரு, நம்ம பொண்ணு பேரையே போட்டு உள்ள வரப் பாக்கறான். மொத்த நாட்டையும் சாத்திட்டேன்."

"எந்த நாட்ட?" என்றாள் மனைவி.

சொன்னார். சொல்லும்போதே குரல் இறங்கிப் போனது.

"அங்கதானங்க நம்ம பொண்ணு இருக்கா. நீங்க குடுத்த பாஸ்வேர்டு ஒரு முழம் நீளம். தப்புத்தப்பா அடிச்சு அலுத்துப் போயிட்டா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலாம்ல?"

"கேட்டா பாதுகாப்பப் பத்தி நாள்பூரா பேசுவீங்களாம்."

"அப்ப படம்?"

"கொழந்த பொறந்த மறுநாளே என் போனுக்கு வந்துடுச்சு. மாடி வீட்டுக்காரங்ககூட பாத்துட்டு, அப்படியே தாத்தா மூக்குன்னாங்க. நீங்க கோவிச்சுப்பீங்கன்னுதான் உங்களுக்கு மட்டும் காட்டல."

அவர் போனுக்காக எச்சில் கையை நீட்டினார்.

"கை கழுவிட்டு வாங்க" என்றாள்.

எழுந்தார். கை கழுவப் போகிற வழியில், செருப்பு அலமாரியருகே நின்று, புதிதாக எவனாவது தட்டுகிறானா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

நமக்குத்தான் சர்வர் இல்லையே என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நேற்று தெரியாத எண்ணிலிருந்து திரும்பத் திரும்ப வந்த அழைப்பை, 'இவனுங்களுக்கு வேற வேலையே இல்ல' என்று முணுமுணுத்து வெட்டி, தடையும் போட்டுவிட்டு, நம்மைத் தேடி இத்தனை பேரா என்று சற்றே நிமிர்ந்து உட்கார்ந்தீர்களே, அது யார் என்று விசாரித்தீர்களா?