கியருக்கு நாடி பார்ப்பவர்

எண்பதுகளில் அருப்புக்கோட்டைப் பக்கம் கார் வைத்திருந்தவர் ஆயிரத்தில் ஒருவர். அந்தக் காருக்கு என்ன கோளாறு என்று தெரிந்தவர்கள் மீதி தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேர். இவர்களுக்குக் காரோட்டத் தெரியாது. சைக்கிளில் செயின் கழன்றால் உருட்டிக்கொண்டே வீடு வந்து சேர்வார்கள். ஆனால் பழைய அம்பாசிடர் ஒன்று வழியில் நின்றுவிட்டால் போதும். வேட்டியை மடித்துக் கட்டி, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, காய்ச்சல் பார்ப்பதுபோல் பானெட்டில் புறங்கையை வைத்து, கண்ணை மூடி, கியரைப் போடச் சொல்லி, அந்தச் சத்தத்தைத் தம் வாயாலும் ஒரு முறை போட்டுப் பார்த்து, கடைசியாக எப்போது ஆயில் மாற்றினாய் என்று டிரைவரிடம் கேட்பார்கள். போன மாதம் என்றால், அதனால்தான் கெட்டது. போன வருஷம் என்றாலும் அதனால்தான். இந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொன்ன டிரைவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

நூல்கடை சங்கையா இந்த இனத்தின் தலைமகன். ஓர் ஆவணி மாதம் அவருடைய அக்கா சுபத்ராவின் மகன் ராம்குமாருக்குத் திருச்சுழியில் கல்யாணம். முகூர்த்தம் பத்தரைக்குள். மாப்பிள்ளை கார் பாதி வழியில் எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கப் பின்னால் போனது. போட்ட ரிவர்ஸ் கியர் பிறகு வெளியே வர மறுத்துவிட்டது.

டிரைவர் பால்ச்சாமி பானெட்டைத் திறக்கப் போனார். திறந்தால் சத்தம் கலைந்துவிடும் என்று தடுத்த சங்கையா, அதன்மேல் காதை வைத்துப் படுத்தார். எழுந்து, கியர்ப் பெட்டிக்குள் பல் போய்விட்டது என்று அறிவித்தார்.

"அண்ணாச்சி, அது வந்து..." என்றார் பால்ச்சாமி.

"ஓட்டுறவனுக்கு என்னப்பா தெரியும்? நீ உள்ளல்ல இருக்க."

தாய்மாமனை எதிர்த்து யார் பேசுவது? ரிவர்ஸிலேயே போய்விடலாம் என்பது அவர் கண்ட வைத்தியம். வண்டியைத் தள்ளி, பின்பக்கம் திருச்சுழியைப் பார்க்கும்படி திருப்பினார்கள். பெண் ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மாப்பிள்ளை போகலாமா என்று சுபத்ரா கலங்கினார். அதற்கும் தம்பியிடம் மருந்து இருந்தது. ராம்குமார் பின் சீட்டில் மாலையோடு மண்டியிட்டு, பின் கண்ணாடி வழியாகத் தன் எதிர்காலத்தைப் பார்த்தபடி போனான்.

திருச்சுழிக்குப் போன பஸ்காரர்கள் பார்த்தது, முன்பக்கம் அருப்புக்கோட்டையைப் பார்த்திருந்த மாப்பிள்ளை காரை. மாப்பிள்ளை திரும்பி ஓடுகிறார் என்ற சேதி காருக்கு முன்னால் மண்டபம் சேர்ந்தது. பெண்ணின் அப்பா வேறு வழியில்லாமல் முறைப்பையன் சங்கருக்குப் பட்டு வேட்டி கட்டி மணையில் உட்கார வைத்தார்.

கார் பின்புறமாக வந்து நின்றபோது பத்தேகால். மாப்பிள்ளை வீட்டாரோடு வந்த நான் சண்டை வரும் என்று பயந்தேன். வரவில்லை. கியர் கோளாறு என்று காதில் விழுந்ததும் மண்டபமே எழுந்து காருக்கு ஓடியது. பெண்ணின் அப்பா கிளட்ச் என்றார். ஐயர் பேரிங் என்றார். மணையிலிருந்த சங்கர் பட்டு வேட்டியோடு காருக்கடியில் போனான். அவனுக்கு விளக்கம் சொல்ல ராம்குமாரும் போனான். மேடையில் மிச்சம் இருந்தது மணப்பெண் தங்கச்செல்வி மட்டும்தான்.

அவள் இறங்கி வந்தாள். ஓரமாக நின்ற பால்ச்சாமியிடம் கேட்டாள்:

"அண்ணே, வண்டிக்கு என்ன?"

"கியர்க் கம்பி சிக்கிக்கிருச்சு தாயி. ஒரு தட்டுத் தட்டுனா விட்ரும்."

"தட்டுங்க. காருக்கடியில மாப்பிள்ளைனு எவுக இருந்தாலும் அஞ்சு நிமிசத்துல வரச் சொல்லுங்க."

பால்ச்சாமி பானெட்டைத் திறந்து ஸ்பேனரால் தட்டினார். சிக்கிய கியர் விடுபட்டது. ராம்குமார் ஆயில் கறையோடு ஓடிப்போய்க் கடைசி நிமிடத்தில் தாலி கட்டினான். தான் சொன்னதைத்தான் பால்ச்சாமி செய்தான் என்று சங்கையா பந்தியில் விளக்கிக்கொண்டிருந்தார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ரிவர்ஸ் கியர் சிக்கியது என்று படித்த உடனேயே, "அது கிளட்ச் பிளேட்டாகத்தான் இருக்கும்" என்று நீங்கள் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. பால்ச்சாமியைக் கேட்போம் என்று ஒரு முறையாவது தோன்றியதா?