கை வீங்காத தோட்டம்

இலங்கை மலைநாட்டில் வட்டவளைக்கு மேலே மூன்று மைல் ஏறினால் வருவது கல்லோடைத் தேயிலைத் தோட்டம். அங்கே காசநோய் அறவே இல்லை என்பது ஐம்பத்தேழாம் ஆண்டு மார்ச் மாதம் முறைப்படி உறுதி செய்யப்பட்டது. தோட்ட மார்புநோய்த் தடுப்பு இலாகாவின் அதிகாரி சிவராசா ஜீப்பில் வந்து இறங்கி, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்ற அறுநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் முன்கையில் ஊசி போட்டார். மூன்றாம் நாள் அந்த இடம் வீங்கினால் உடம்பில் காசக் கிருமி உண்டு, வீங்காவிட்டால் இல்லை. மூன்றாம் நாள் அடிமட்டத்தோடு வந்தார். அளக்க ஒரு வீக்கம்கூட அகப்படவில்லை. இத்தகைய ஆரோக்கியத்தைத் தம் உத்தியோக வாழ்வில் கண்டதில்லை என்று தழுதழுத்தார். நற்சான்றிதழ் கண்ணாடி போட்டு ஆபீசில் மாட்டப்பட்டது. சனங்களுக்கு அரை நாள் லீவும் தின்ன ஆளுக்கொரு பனிஸ் ரொட்டியும் கிடைத்தன.

நாகலெட்சுமி பனிஸோடு, ஓரறை வீடுகள் வரிசையாய் ஒட்டி நிற்கும் லயத்துக்கு வந்தபோது, அவள் புருஷன் ஆண்டியப்பன் வாசலில் குந்தி இருமிக்கொண்டிருந்தான். நாலு மாதமாக அதே இருமல். அன்றைக்குத் துப்பியதில் ரத்தம் இருந்தது. அவன் கையும் வீங்காத கைதான்.

அவள் தோட்டத்து மருந்துக்காரர் கந்தப்பனிடம் ஓடினாள். அவர் கதவைச் சாத்திவிட்டு விஷயத்தைச் சொன்னார். வெறுங்காலோடு ஈரமண்ணில் நடக்கிற சனம் இது. உள்ளங்கால் வழியே ஏறிய கொக்கிப்புழு எல்லார் வயிற்றிலும் குடியிருக்கிறது. தன்னை விரட்டாமலிருக்க அது உடம்பின் எதிர்ப்பையே கொஞ்சம் கொஞ்சமாக அடக்கி வைக்கிறது. அடங்கிப்போன உடம்பு வேறு கிருமி வந்தாலும் மல்லுக்கு நிற்பதில்லை, ஊசி குத்தினாலும் கோபித்துக்கொண்டு வீங்குவதில்லை. இதை அவர் மூன்று தடவை இலாகாவுக்கு எழுதினாராம். புழு வேறு பிரிவு, காசம் வேறு பிரிவு, இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதியது ஒழுங்கீனம் என்று பதில் வந்ததாம்.

கந்தப்பன் கொடுத்த பூச்சி மருந்தை நாகலெட்சுமி புருஷனின் மூக்கைப் பிடித்துக் குடிக்க வைத்தாள். இரண்டு தரம் பேதியாகி, அவன் சுவரைப் பிடித்து நடந்தான். ஒன்றரை மாதம் கழித்துக் கந்தப்பன் மறுபடி ஊசி போட்டார். மூன்றாம் நாள் கை உளுந்து வடை போல வீங்கியது. காதுகுத்து வீட்டுக்காரி மாதிரி அவள் லயம் பூராவும் கூப்பிட்டுக் காட்டினாள். அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

ஆஸ்பத்திரியில் சேர்க்கத் தோட்டத்திலிருந்து துண்டுச் சீட்டு வேண்டும். சான்றிதழ் பெற்ற தோட்டத்தில் துண்டு எழுத இலாகாவின் சம்மதம் வேண்டும். சிவராசா மறுபடி வந்த அன்று அவள் புருஷனை ஆபீசுக்கு இழுத்துப் போனாள். அவர் வீக்கத்தைப் பார்த்தார், சுவரிலிருந்த சான்றிதழைப் பார்த்தார், தீர்ப்புச் சொன்னார்.

"கல்லோடைத் தோட்டத்திலை காசம் இல்லை. இந்த ஆளுக்குக் காசம் இருக்கு. ஆகவே இவர் கல்லோடைத் தோட்டத்து ஆள் இல்லை."

"அப்ப எந்தத் தோட்டத்து ஆளுங்கய்யா?"

"அது என்ரை பிரிவு இல்லைப் பிள்ளை."

குடியுரிமை கேட்டபோது ஆண்டியப்பனை இலங்கையும் தன் ஆள் இல்லை என்றிருந்தது, இந்தியாவும் இல்லை என்றிருந்தது. மிச்சமிருந்தது தோட்டம் ஒன்றுதான். நாகலெட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்கய்யா."

இப்படி மரியாதையாக யாரும் அவரிடம் கேட்டதில்லை. முத்திரையும் குத்திக் கொடுத்தார். தோட்டத்து ஆளுக்குத்தானே துண்டு வேண்டும்? எந்தத் தோட்டத்துக்கும் சேராத ஆளை ஆஸ்பத்திரியில் அன்றைக்கே படுக்க வைத்தார்கள். ஒரு வருஷம் ஊசியும் மாத்திரையும் ஏறி, கன்னத்தில் சதை வைத்துத் திரும்பினான் ஆண்டியப்பன்.

இதற்கிடையில் கந்தப்பன் மற்றவர்களையும் பூச்சி மருந்துக்குக் கூப்பிட்டார். ஒருவரும் வரவில்லை. மருந்து குடித்தால் கை வீங்கும், வீங்கினால் சான்றிதழ் போகும், அடுத்த வருஷப் பனிஸும் போகும் என்று கங்காணி வீரய்யா சொன்னார். அது எல்லாருக்கும் நியாயமாகவே பட்டது, பக்கத்துக் காம்பராவில் இருமிக்கொண்டிருந்தவனுக்கும்கூட. இலாகாவும் ஆராய்ந்து, பூச்சி மருந்தே காசநோயை உண்டாக்குகிறது எனக் கண்டு, அதைத் தடை செய்தது.

ஆண்டியப்பன் தோட்டத்து வேலைக்குத் திரும்பவும் பேர் பதியப் போனான். புதிதாகப் பதிகிறவன் வீங்காத கையைக் காட்ட வேண்டுமாம். நோய் போனாலும் அவன் கை இனி ஆயுசுக்கும் வீங்கும், புழு ஏறினால்தான் அடங்கும் என்று கந்தப்பன் தலையில் கை வைத்துக்கொண்டார். வேலையில்லாமல் லயக் காம்பராவில் எத்தனை நாள் விடுவார்கள்? நாகலெட்சுமி இரண்டு நாள் கந்தப்பன் சொன்னதையே யோசித்தாள். மூன்றாம் நாள் அவனைக் கூட்டிப் போய், லயத்துச் சாக்கடைக் கானுக்குப் பக்கத்துச் சேற்றில் வெறுங்காலோடு நிற்க வைத்தாள்.

அங்கே ஏற்கெனவே கூட்டம். சான்றிதழுக்கு ஆசைப்பட்ட மற்றத் தோட்டத் துரைமார் டிக்கோயாவிலிருந்தும் இறம்பொடையிலிருந்தும் ஆட்களை லொறியில் அனுப்பியிருந்தார்கள்.

பதினோரு மணிவாக்கில் ஜீப் ஒன்று வந்து நின்றது. கல்லோடையின் ஆரோக்கியத்தை மெச்சி, சிவராசாவுக்குக் கொழும்பில் பெரிய பதவி கொடுத்திருந்தார்கள். பதவி ஏற்குமுன் கையில் ஊசி போட்டுப் பார்ப்பது விதி. அந்த விதியை எழுதியவரும் அவரே. வீட்டில் இரகசியமாகப் போட்டுப் பார்த்ததில் முழங்கை வரை வீங்கிவிட்டது.

அவர் சப்பாத்தைக் கழற்றி, காலுறையை மடித்து அதற்குள் வைத்து, காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டார்.

"பிள்ளை, எந்தப் பக்கத்துச் சேறு நல்லது?"

நாகலெட்சுமி புருஷனைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னாள்.