சேருக்குக் கொண்டுபோன சுறா

தன்னைப் பெரிய படிப்பாளி என்று நினைத்துக்கொள்பவன் வீட்டில் எதையும் விளக்கிச் சொல்லமாட்டான். பதினெட்டு வயதில் நான் அப்படியொரு மேதை. (இப்போது மனைவியைக் கேட்காமல் உப்புக்கூட வாங்குவதில்லை.)

யுத்த காலம். மன்னார்ப் பட்டினத்தில் ஓலைக் கொட்டில் போட்டு ஒரு ரியூட்டரி நடந்தது. ஆறாம் வகுப்பு முதல் உயர்தரம் வரை, பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் இல்லாத பாடமெல்லாம் அங்கே படிக்கலாம். எங்களுக்கு விலங்கியல் படிப்பித்த சேர் வவுனியாவிலிருந்து ஆமியிடம் பாஸ் எடுத்து மாதம் ஒருமுறை வருவார். செய்முறைப் பரீட்சைக்கு முன் அவர் வரக்கூடிய கடைசி நாளில் சுறா ஒன்றை வெட்டிக் காட்டுவதாகச் சொன்னார்.

"மீனுக்கு என்ன செய்யிறது?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டார்.

நான் மீன்பிடி ஊரான பேசாலைக்காரன், அப்பாவுக்கு வள்ளம் இருந்தது. துள்ளி எழும்பினேன். "மீன் என்ர பொறுப்பு சேர்!" முன்வாங்கிலிருந்து ஜெசிந்தா திரும்பிப் பார்த்தாள். உடனே, "திறம் பால்சுறாவாக் கொண்டுவாறன்" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அம்மாவிடம் சொன்னது இவ்வளவுதான்: "விடியச் சேருக்கு ஒரு சுறா வேணும்." எதற்கென்று சொல்லவில்லை. அம்மாவுக்கு விலங்கியல் என்ன தெரியும்?

காலையில் ஈரச் சாக்கில் சுற்றிய சுறா சைக்கிள் கரியரில் தயாராக இருந்தது. பிரித்துப் பார்க்காமலே மிதித்தேன். வழியில் சோதனைச் சாவடிச் சென்றியில் ஆமிக்காரன் வெளியே நீட்டிக்கொண்டிருந்த வாலைப் பார்த்தான்.

"எங்க போறது?"

"படிக்க."

"மீனும் படிக்கிறதா?"

சிரித்துக்கொண்டே விட்டுவிட்டான்.

வகுப்பில் கரும்பலகையைக் கழற்றி இரண்டு மேசைகள்மேல் கிடத்தி, அதில் சுறாவை வைத்தோம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஓலை இடுக்குகளில் கண்ணை வைத்திருந்தார்கள். சேர் கத்தரிக்கோலை எடுத்தார். பிறகு மெதுவாக வைத்துவிட்டார். வயிறு ஏற்கனவே நேர்கோட்டில் திறந்திருந்தது. ஈரல் இல்லை, குடல் இல்லை, இதயம் இல்லை. உப்பும் மஞ்சளும் மட்டும் அழகாகத் தடவியிருந்தது.

எங்கள் வீட்டில் மதிப்பானவர்களுக்கு மீன் கொடுப்பதென்றால் துப்புரவாக்கித்தான் கொடுப்பார்கள். அம்மா என் மானத்தைக் காப்பாற்றியிருந்தா.

"தம்பி, இது படிக்கிற சுறா இல்லை. கறிச் சுறா" என்றார் சேர்.

கொட்டில் அதிரச் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இருபது பேருடைய பரீட்சையல்லவா போயிற்று!

சேர் சற்று யோசித்தார். "சரி, உள்ளுக்கு இருக்கவேண்டியதை நாங்களே வைப்பம்."

ஜெசிந்தாவின் சிவப்பு றிபன் முறுக்கிய குடலாயிற்று. மைப்போத்தல் மூடி இதயம். "சுறாவுக்கு ஈரல் பெரிசு. ரெண்டு நீட்டு மடல்" என்று சொல்லிச் சுற்றிப் பார்த்தவரின் கண் என் காலில் வந்து நின்றது.

"கழட்டும்."

என் றப்பர்ச் செருப்பு இரண்டும் சுறாவின் வயிற்றுக்குள் போயின. ஒவ்வொருவராக வந்து உறுப்புகளை எடுத்து, பெயர் சொல்லி, திரும்ப வைத்தோம். சிரித்துச் சிரித்துப் படித்தது எப்படி மறக்கும்? பரீட்சையில் ஈரலை ஒருவரும் பிழைவிடவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பாய்ந்தேன். அம்மா அசையவேயில்லை. "குடல்தான் வேணுமெண்டு வாயைத் திறந்து சொல்லியிருந்தால், பூனைக்கு வைச்சதை உனக்கே தந்திருப்பனே!"

போன வருடம் எனக்குப் பித்தப்பையில் கல். வெட்டவேண்டும் என்றார்கள். வெட்ட வந்த டொக்டர் யாரென்று பார்த்தால், றிபன் கொடுத்த அதே ஜெசிந்தா! பயந்துபோய் நின்ற என் மனைவியிடம் குனிந்து சொன்னாள்: "யோசிக்காதேங்கோ. ஆனால் இவற்ற செருப்பைப் பத்திரமா வைச்சிருங்கோ. உள்ளுக்கு ஈரல் இல்லாட்டில் தேவைப்படும்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் செருப்புக்குப் பெயர் மாறிவிட்டது. கோயிலுக்குப் புறப்பட நேரமானால் வாசலிலிருந்து மகள் கத்துவாள்: "அப்பா, ஈரலைப் போட்டுக்கொண்டு கெதியா வாங்கோ!"