அலமாரிக்குள் வெள்ளித் தண்ணீர்

இனிமேல் தன் வீட்டில் யாருக்கும் நோய் வரக்கூடாது என்று லிஃப்ட் மெக்கானிக் தீர்மானித்துவிட்டான். அதற்கு அவனுக்குத் தேவைப்பட்டவை இரண்டு வெள்ளிக் கம்பி, மூன்று பேட்டரி, ஒரு கண்ணாடி ஜாடி. மனைவியின் சம்மதம் அந்தப் பட்டியலில் இல்லை.

கம்பிகளைத் தண்ணீரில் இறக்கி மின்சாரம் கொடுத்தால் வெள்ளி கண்ணுக்குத் தெரியாத தூளாகித் தண்ணீரில் மிதக்கும். தினமும் கொஞ்சம் குடித்தால் சளியிலிருந்து மூட்டுவலி வரை எல்லாம் ஓடிவிடும். செல்போனில் ஒரு தாடிக்காரர் அப்படித்தான் சொன்னார்.

"அவரு என்ன டாக்டரா?" என்று மனைவி கேட்டாள்.

"டாக்டரா இருந்தா இதையெல்லாம் வெளியில சொல்லுவாரா?"

தண்ணீரைச் செய்வதைவிட அதை வைத்துக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடு. வெளிச்சம் படக்கூடாது. ஃப்ரிட்ஜில் வைக்கக்கூடாது. உலோகக் கரண்டி படக்கூடாது. பழுப்புக் கண்ணாடி சீசாக்கள் பன்னிரண்டும் படுக்கையறை அலமாரியின் அடித்தட்டில் குடியேறின. அங்கிருந்த மனைவியின் துணிகள் நாற்காலிக்கு வந்தன. ஜன்னலுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டினான். நடுப்பகலிலும் அந்த அறை கிணற்றுக்குள் இருப்பதுபோல் ஆகிவிட்டது.

"அலமாரியத் தெறந்தா உள்ள யாரோ மூச்ச அடக்கிக்கிட்டு உக்காந்திருக்கற மாதிரி இருக்கு" என்றாள்.

"சீசாங்கதான்."

"சீசான்னா ஏன் என்னைப் பாக்குது?"

மூன்று மாதம் அவன் மட்டும் குடித்தான். பிறகு ஏழு வயது மகளுக்கு இருமல் வந்தது.

"வர்ற ஞாயித்துக்கிழமைலேர்ந்து பாப்பாவுக்கும் ஒரு கரண்டி" என்று அறிவித்தான்.

மனைவி பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். பிள்ளைகள் வரைந்த பூந்தொட்டிகளைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

"டாக்டர்கிட்ட காட்டலாங்க."

"வீட்டுலயே மருந்த வச்சிக்கிட்டு டாக்டரா?"

"அவ குழந்தை."

"அதனாலதான் ஒரு கரண்டி. நான் ரெண்டு குடிக்கிறேன்ல?"

அவள் அடுத்த படத்தை எடுத்தாள். அவள் பேசாமலிருந்தால் தான் ஜெயித்துவிட்டதாக எடுத்துக்கொள்வது பதினோரு வருடமாக அவன் வழக்கம்.

மறுநாள் திங்கட்கிழமை, ஒரு புதுக் கட்டடத்தில் லிஃப்ட் ஏறி இறங்கும் தண்டவாளத்தைப் பொருத்தும் வேலை. லிஃப்ட் குழிக்குள் கூட நின்ற கூட்டாளி எண்ணெய் டப்பாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.

"இன்னும் அந்த வெள்ளித் தண்ணிய விடலியா?"

"ஏன்?"

"எங்க சொந்தத்துல ஒரு மாமா குடிச்சாரு. இப்ப சாம்பல் நெறத்துல இருக்காரு."

"சாம்பலா?"

"பழைய அலுமினியப் பாத்திரம் மாதிரி. மொதல்ல நகம். அப்பறம் வெளிச்சம் படற எடமெல்லாம். சோப்புப் போட்டாலும் போகல. சாகற வரைக்கும் போகாதாம்."

"அளவு தெரியாமக் குடிச்சிருப்பாரு."

"இருக்கும். அவரு வீட்ல இப்ப ஒரு கண்ணாடிகூடக் கெடையாது."

அவன் தன் நகங்களைப் பார்த்தான். பத்திலும் கிரீஸ். என்ன நிறம் என்று தெரியவில்லை.

தண்டவாளம் நேராக நிற்கிறதா என்று பார்க்கும் லேசர் விளக்கை அன்று வீட்டுக்கு எடுத்துவந்தான். நல்ல வெள்ளித் தண்ணீரில் அதை அடித்தால் ஒளி சிவப்புக் கோடாகத் தெரியும் என்று தாடிக்காரர் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை செய்த சீசாவிலிருந்து கண்ணாடி டம்ளரில் ஊற்றிக்கொண்டு, அலமாரிக்குள் முக்கால் உடம்பை நுழைத்து விளக்கை அடித்தான்.

கோடு இல்லை. டம்ளருக்கு அப்பால், பலகையில், ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் நடுங்கியது.

அடுத்த சீசா. அதிலும் இல்லை. பன்னிரண்டிலும் இல்லை. எல்லாம் கழுத்துவரை நிரம்பித்தான் இருந்தன. தண்ணீர் இருந்தது, வெள்ளி இல்லை. மூடியைத் திறக்காமல் வெள்ளியை மட்டும் உறிஞ்சிக்கொண்டு போகக்கூடியது எது என்று யோசித்தபோது, இருட்டில் தன் முதுகுக்குப் பின்னால் அறை மிகவும் பெரிதாக இருப்பதுபோல் பட்டது. பின்பக்கமாகவே ஊர்ந்து வெளியே வந்தான்.

மனைவி காபி நீட்டினாள். டம்ளரைப் பிடித்திருந்த விரல்களில் ஐந்து நகமும் சாம்பல் நிறம்.

செவ்வாய்க்கிழமை அது விரல் கணு வரைக்கும் வந்திருந்தது. புதன்கிழமை காதுக்குக் கீழே, கழுத்தில்.

"கழுத்துல என்ன அது?"

"என்ன? எப்பவும் போலத்தான இருக்கு."

"உடம்புக்கு ஏதாவது..."

"எனக்கென்னங்க? அலமாரி நெறைய மருந்து இருக்கு."

"நீ குடிக்கிறியா?"

"பாப்பாவுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி பெத்தவ குடிச்சுப் பாக்க வேணாமா?"

"எத்தனை கரண்டி?"

"கரண்டியா?" அவள் லேசாகச் சிரித்தாள். "சீசா. நீங்க வருத்தப்படுவீங்களேன்னு காலியான எடத்துல தண்ணி ஊத்தி வச்சிட்டேன்."

வியாழக்கிழமை வேலை ஓடவில்லை. மேலே போக வேண்டிய லிஃப்டைக் கீழே அனுப்பினான். மதியமே வீட்டுக்கு வந்துவிட்டான். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பவில்லை. படுக்கையறை இருட்டில், அலமாரியைப் பார்த்தபடி மனைவி உட்கார்ந்திருந்தாள். அவன் பின்னால் திறந்திருந்த கதவின் வெளிச்சம் தரையில் அவள் பாதம் வரைக்கும் போயிருந்தது. அவள் திரும்பினாள்.

நெற்றியிலிருந்து தொண்டை வரை சாம்பல். அசைந்தபோது மங்கலாக மினுங்கியது. கண்ணும் பல்லும் மட்டும் பழைய நிறத்தில் இருந்தன.

"பாப்பாவும் இந்த மாதிரி ஆயிட்டா," என்றாள் நிதானமாக, "குடும்பமே ஒரே நெறமா இருக்கும் இல்லீங்க?"

அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்புறம் இரண்டும் ஒரேயடியாக ஓடின. பன்னிரண்டு சீசாவையும் குளியலறைக்கு இழுத்துப்போய்க் கவிழ்த்தான். வெள்ளிக் கம்பிகளைத் துண்டு துண்டாக வெட்டினான். ஜன்னல் காகிதத்தைக் கிழித்தான். வெயில் கட்டில்மேல் வந்து விழுந்தது. அவன் அழுதுகொண்டிருந்தான்.

"இனிமே ஒரு சொட்டு இந்த வீட்டுக்குள்ள வராது. பாப்பா மேல சத்தியம்."

"அப்ப அவ இருமல்?"

"டாக்டர்தான் பாக்கணும். உன்னையும் பாக்கச் சொல்லலாம். எந்த ஊர் டாக்டர்னாலும் சரி."

அவள் எழுந்து குளியலறைக்குப் போனாள். குழாய் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது துண்டு முழுக்கச் சாம்பல். முகம் பதினோரு வருடமாக இருந்த அதே முகம்.

"சோப்புப் போட்டாலும் போகாதுன்னு கூட்டாளி சொன்னானே!"

"வெள்ளின்னா போகாது. அவரு சொன்னது நெஜந்தான். உங்ககிட்ட சொல்லச் சொல்லி நான்தான் போன் பண்ணேன். இது பென்சில் தூள்."

"அப்ப... வெள்ளி?"

"ஞாயித்துக்கிழமையே சாக்கடைல ஊத்திட்டேன். இப்ப நீங்க ஊத்தினது குழாத் தண்ணி."

கோபப்படலாம் என்று நினைத்தான். கன்னத்தில் கண்ணீர் காயவில்லை. அதை வைத்துக்கொண்டு கோபப்பட வரவில்லை. சத்தியம் வேறு செய்தாகிவிட்டது. குடும்பத் தலைவனாக ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

"சரி. நாளைக்குப் போய் டாக்டர்கிட்ட நேரம் கேட்டுட்டு வர்றேன்" என்றான்.

"திங்கக்கிழமையே வாங்கிட்டேங்க. இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு. ரெண்டு டோக்கன்."

"ரெண்டு எதுக்கு? உனக்குத்தான் ஒண்ணும் இல்லியே."

"எனக்கு ஒண்ணும் இல்ல" என்றாள், துண்டை உதறிக்கொண்டே. "மூணு மாசம் குடிச்ச ஆளுக்கு இன்னொண்ணு."