அக்கினி பகவானுக்குத் தொப்பி

கல்யாணம் நிச்சயமாகும் வரை மாப்பிள்ளைப் பையன் வாயைத் திறக்கவே கூடாது. திறந்தால் என் கதிதான்.

முப்பதுகளில், இலங்கைத் தேயிலை மலையில் நோர்வூட் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்தவரின் மகள் செல்லம்மாளை எனக்குப் பேசியிருந்தார்கள். வெற்றிலை பாக்கு மாற்றுவதுதான் பாக்கி. என்னுடைய ஒரே தகுதி, இங்கிலீசு படித்தவன் என்ற பேர். (பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததையெல்லாம் எங்கள் பக்கம் படிப்பு என்றுதான் சொல்வார்கள்.)

அந்த நேரம் பார்த்து, கையால் சுற்றும் பயாஸ்கோப்பு ஒன்று ஊருக்கு வந்தது. மாமனார் தன் சரக்குக் கிட்டங்கி ஜன்னல்களைச் சாக்கால் மறைத்து, புது மல்வேட்டி ஒன்றைத் திரையாகத் தொங்கவிட்டு, தோட்டத்து லயன் வீடுகளில் இருந்த சனங்களையும் கூப்பிட்டுவிட்டார்.

“மாப்பிள்ளைக்கு இங்கிலீசு தண்ணி பட்ட பாடு. அவரே வெளக்கஞ் சொல்லட்டும்!”

வந்ததோ, வரைந்த படங்கள் தானாக ஓடியாடும் கூத்து; நடுநடுவே இங்கிலீசு எழுத்து வேறு. நெருப்புக்குக் கை, கால், தலையில் தொப்பி. காற்றுக்கு உப்பிய கன்னம். தண்ணீர் ஒரு குண்டுப் பொம்பளை. மலை கண்ணைத் திறந்து கொட்டாவி விட்டது. எனக்கு ஒரு இழவும் புரியவில்லை. சும்மா நிற்க முடியுமா? பஞ்சபூதங்களைத் துணைக்கு அழைத்தேன்.

“தொப்பி போட்டவர் அக்கினி பகவானுங்க. கன்னம் உப்பினவர் வாயு பகவான்.”

எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

“அக்கினிக்கு ஆட்டுக்கிடா வாகனம் எங்கங்க தம்பி?” என்றார் தோட்டத்தில் ஆள் மேய்க்கும் ஒரு கங்காணி.

“சீமைக் குளிர ஆடு தாங்காதுங்க. அதான் நடந்தே வர்றாரு.”

அந்த நேரம் திரையில் வாயு, அக்கினியின் பின்பக்கத்தில் ஓங்கி ஓர் உதை விட்டார். “ஐயையோ, சாமி குத்தம்!” என்று பதறிய மாமியார், தட்டில் சூடம் கொளுத்திக்கொண்டு திரைக்கு ஓடினார். பெண்கள் குலவையிட்டார்கள். அவர் தட்டை உயர்த்திய வேகத்தில் வேட்டிக்கரை பற்றிக்கொண்டது.

கூட்டம் கைதட்டியது. “அடேயப்பா, சாமி வெளியவே வந்துட்டாரே!”

நானோ, பாவி, “இதுவும் கதையில வருதுங்க!” என்றேன்.

மறுநொடி வாளித் தண்ணீர் பறந்து வந்தது. வீசியவள் செல்லம்மாள். திரைக்குப் பாதி, எனக்குப் பாதி. நெருப்பு அணைந்தது. கல்யாணமும் அணைந்தது என்றே நினைத்தேன். மாமனார் கரிந்த வேட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“ஏம்மா, இந்தப் புள்ளைய என்ன செய்யலாம்?”

செல்லம்மாளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “இவரே இருக்கட்டும்ப்பா. தனியா விட்டா ஊரையே கொளுத்திருவாரு.”

அப்பாடா! அந்த மூச்சை விட்ட பிறகுதான் எனக்குக் குளிரே தெரிந்தது.

தையில் கல்யாணம். ஐயர் ஓமம் வளர்க்க உட்கார்ந்ததும், மாமனார் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். எதற்கு என்று ஐயர் கேட்க, சபையே என்னைக் கை காட்டியது. இன்றுவரை எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் அந்த வாளி உண்டு. போன மாதம் பேத்தி கல்யாணத்தில் புது ஐயர் அதைக் குலவழக்கம் என்று நினைத்து, வாளிக்குப் பொட்டும் பூவும் வைத்து, வருண பகவானுக்கு மந்திரமும் சொல்லிவிட்டார். செல்லம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.